அமார்னாவுக்குப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

கீஸாவின் பிரமிடுகளையும் கர்னாக்கின் தூண்களையும் பார்த்த கண்ணோடு அமார்னாவில் போய் இறங்கினால் முதல் பத்து நிமிடம் ஏமாற்றமாகத்தான் இருக்கும். நைல் ஆற்றின் கிழக்குக் கரையில், மின்யா நகரத்துக்குத் தெற்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டரில், மூன்று பக்கமும் மலை சூழ்ந்த ஒரு பெரிய மணல்வெளி. ஆற்றை ஒட்டிச் சில கிராமங்கள், வயல்கள். "நகரம் எங்கே?" என்று கேட்காதவர்கள் குறைவு.

நகரம் நம் காலடியில்தான் இருக்கிறது. பாரோ அகெனாதென் தன் ஐந்தாம் ஆட்சியாண்டில், கி.மு. 1346 வாக்கில், பழைய தெய்வங்களையும் தீப்ஸ் நகரத்தையும் விட்டுவிட்டு ஆதென் என்னும் சூரியவட்டம் ஒன்றையே வணங்குவதற்காக இங்கே ஒரு தலைநகரத்தை எழுப்பினார். அதன் பெயர் அகெத்-ஆதென், அதாவது ஆதெனின் அடிவானம். 20,000 முதல் 50,000 பேர் வரை வாழ்ந்திருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். அவர் இறந்த சில ஆண்டுகளிலேயே, துட்டன்காமன் காலத்தில், அரசவை இங்கிருந்து கிளம்பிவிட்டது. ஊரின் ஆயுள் மொத்தமே இருபது ஆண்டு அளவுதான். அதன்மேல் பெரிய நகரம் எதுவும் பின்னால் எழவில்லை. அதனால்தான் அரண்மனை, அலுவலகம், பிரபுவின் மாளிகை, அவர் வீட்டுக்குப் பின்னால் ஏழைகளின் நெருக்கமான வீடுகள் என்று ஒரு முழு எகிப்திய நகரத்தின் அமைப்பை இங்கே பார்க்க முடிகிறது. இதற்கு இணையான இடம் எகிப்தில் எனக்குத் தெரிந்து இல்லை.

நிமிர்ந்து பார்ப்பது

ஆகவே முதல் தவறு, உயரமாக நிற்கும் எதையாவது தேடுவது. வீடுகள் மட்டுமல்ல, அரண்மனைகளின் பெரும்பகுதியும் வெயிலில் காய்ந்த மண்கல்லால் கட்டியவை. கோயில்களை வேகமாகக் கட்டி முடிப்பதற்காக, ஒரு ஆளே தூக்கிவிடக்கூடிய சிறிய கற்களைப் பயன்படுத்தினார்கள். எகிப்திய முழக் கணக்கில் ஒரு முழ நீளம், நம் கணக்கில் சுமார் 52 சென்டிமீட்டர். தலதாத் என்று இந்தக் கற்களைச் சொல்கிறார்கள். சீக்கிரம் கட்ட உதவிய அதே கல் சீக்கிரம் பிரிக்கவும் உதவியது. இரண்டாம் ராம்சேஸ் காலத்தில் இவற்றைப் பெயர்த்து ஆற்றுக்கு அக்கரையில் ஹெர்மோபோலிஸ் நகரக் கட்டடங்களுக்குள் அடைத்துவிட்டார்கள்.

இங்கே பார்க்க வேண்டியது தரைப்படத்தை. கையில் ஒரு நல்ல வரைபடம் இல்லாமல் போகாதீர்கள். இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். ஆதென் பெரிய கோயிலின் வளாகம் ஏறத்தாழ 800 மீட்டர் நீளம். அதன் முன்பகுதியின் சுவர்த் தடங்களைப் புதிய சுண்ணாம்புக் கற்கள் வைத்து ஆய்வாளர்கள் அடையாளம் காட்டியிருக்கிறார்கள். வரைபடம் தெரியாதவருக்கு அது வெறும் கல்வரிசை. தெரிந்தவருக்கு, நூற்றுக்கணக்கான படையல் மேடைகள் திறந்த வானத்தின் கீழ் வரிசை கட்டி நின்ற இடம். சூரியனையே வணங்கியவர்களின் கோயில் ஆதலால், மற்ற எகிப்தியக் கோயில்களைப்போல இருட்டுக் கருவறையை நோக்கி அது போகவில்லை.

சின்ன ஆதென் கோயிலில் மீண்டும் நிறுத்திய தூண் ஒன்று நிற்கிறது. எல்லோரும் அதைப் படமெடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். ஒரு நிமிடம் நின்று கிழக்கே மலையைப் பாருங்கள். மலைத்தொடரில் ஒரு பள்ளம் வாய்போல் திறந்திருக்கும். அரசர் கல்லறைக்குப் போகும் பள்ளத்தாக்கு அதுதான். கோயிலின் அச்சு அந்தத் திசையை நோக்கியிருக்கிறது. இரு மேடுகளுக்கு நடுவே சூரியன், இதுதான் 'அகெத்' என்னும் எகிப்திய எழுத்தின் வடிவம். ஊரின் பெயரே இந்த நிலத்தில் எழுதியிருக்கிறது. அரசர் ஏன் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார் என்பதற்கு ஆய்வாளர்கள் பலர் சொல்லும் காரணமும் இதுவே.

கல்லறைகளோடு நின்றுவிடுவது

இந்தத் தவறை நானே செய்தேன். முதல் முறை போனபோது, மலையில் குடைந்த பிரபுக்களின் வடக்குக் கல்லறைகளிலேயே காலை முழுவதும் கழிந்துவிட்டது. நகரத்துக்குக் கிடைத்தது ஒரு மணிநேரம், அதுவும் உச்சிவெயிலில். இன்றும் அதை நினைத்தால் மனது சங்கடப்படுகிறது. கல்லறைகளை முதலில் பார்ப்பது சரிதான். ஆனால் வெயில் ஏறுவதற்கு முன் கீழே இறங்கிவிட வேண்டும்.

முதலில் பார்ப்பது சரி என்று சொல்லக் காரணம் இருக்கிறது. அழிந்துபோன நகரத்தின் படங்கள் அந்த மலைக் குடைவுகளுக்குள்தான் இருக்கின்றன. தலைமைப் பூசாரி மேரிரேயின் கல்லறைச் சுவரில் ஆதென் கோயிலும் அரண்மனையும் வாசல், தூண், படையல் மேடையோடு செதுக்கப்பட்டிருக்கின்றன. அதை மனதில் ஏந்திக்கொண்டு கீழே வந்தால் மண்மேடு மண்மேடாகத் தெரியாது.

உள்ளே போனவர்கள் இன்னொன்றைத் தவறவிடுகிறார்கள். சூரியவட்டத்திலிருந்து இறங்கும் கதிர்கள் ஒவ்வொன்றும் ஒரு சிறு கையாக முடியும். அந்தக் கைகளில் சில, உயிரின் சின்னமான 'அன்க்'கை நீட்டுகின்றன. யார் மூக்கருகே என்று கவனியுங்கள். அரசருக்கும் அரசிக்கும்தான், கீழே குனிந்து நிற்கும் ஒருவருக்கும் இல்லை. கல்லறை யாருடையதோ அவர்கூட ஓரத்தில் சின்னதாகத்தான் இருப்பார். இந்த மதத்தில் மக்களுக்கு என்ன இடம் இருந்தது என்பதை எந்த விளக்கத்தையும்விட இந்தச் சுவர் தெளிவாகச் சொல்கிறது.

தெற்குக் கல்லறைகளைப் பெரும்பாலானோர் விட்டுவிடுகிறார்கள். அங்கே ஆய் என்னும் பிரபுவின் கல்லறையில் ஆதெனுக்கான நெடும் துதிப்பாடல் இருக்கிறது. பின்னாளில் இவரே பாரோ ஆகித் தீப்ஸில் வேறு கல்லறை பெற்றதால் இது முற்றுப்பெறாமல் நிற்கிறது. காவல்தலைவர் மஹுவின் கல்லறையும் இங்கேதான். பிடிபட்டவர்களை அவர் மேலதிகாரி முன் கொண்டுவந்து நிறுத்தும் காட்சியைப் பார்க்காமல் வராதீர்கள். தெற்குக் கதவுகள் பூட்டியே இருக்கும். சாவி வைத்திருக்கும் காவலரை டிக்கெட் வாங்கும் இடத்திலேயே கேட்டு உடன் அழைத்துப் போக வேண்டும்.

அரசரை மட்டும் நினைப்பது

அகெனாதெனைப் பற்றிப் படித்துவிட்டு வருகிறவர்கள் அவரை அமைதியான ஞானியாகவே கற்பனை செய்துகொள்கிறார்கள். அழகான குடும்பச் சிற்பங்கள், மகள்களை மடியில் வைத்துக் கொஞ்சும் தந்தை. சரி, அது ஒரு பக்கம். தெற்குக் கல்லறைகளுக்கு அருகே ஒரு பள்ளத்தில் 2006 முதல் 2013 வரை நடந்த அகழாய்வில் சாதாரண மக்களின் எலும்புகள் நூற்றுக்கணக்கில் கிடைத்தன. ஊட்டமில்லாத உடல்கள், பாரம் சுமந்து நொந்த முதுகெலும்புகள், இளம்வயதுச் சாவுகள். வடக்குப் பக்கத்தில் தோண்டிய இன்னொரு இடுகாடு இன்னும் வருத்தமானது. அங்கே கிடந்தவர்களில் பெரும்பாலோர் 7 வயதிலிருந்து 25 வயதுக்குள் இறந்தவர்கள். கட்டட வேலைக்கு வந்த பிள்ளைகளாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து. இந்த இடுகாடுகளில் பார்வையாளருக்கென்று ஒன்றும் வைக்கவில்லை. ஆனால் கோயில் தரையில் நிற்கும்போது அந்தக் கற்களைச் சுமந்தவர்கள் இவர்கள் என்பது நினைவில் இருக்கட்டும்.

சுவர்மேல் ஏறுவது, ஓடு பொறுக்குவது

படத்துக்காக மண்சுவரின்மேல் ஏறி நிற்கிறார்கள். 3,300 ஆண்டு பழைய மண்கல் ஒரு மிதிக்குத் தூளாகும். மேடுபோலத் தெரிவதெல்லாம் சுவர் என்றே வைத்துக்கொண்டு, வழி எதுவென்று காவலரைக் கேட்டு நடங்கள். தரையெங்கும் பானையோடுகள் கிடக்கும், சில சமயம் நீல நிறம் பூசியவைகூட. பையில் போட்டுக்கொள்ளாதீர்கள். 1983-ஆம் ஆண்டின் 117-ஆம் எண் தொல்பொருள் சட்டப்படி அது குற்றம். அதைவிட முக்கியம், எந்த ஓடு எந்த வீட்டில் கிடக்கிறது என்பதே ஆய்வுக்குத் தகவல். இடம் மாறினால் அது வெறும் ஓடு.

நெஃபெர்டிட்டியை இங்கே தேடுவது

அரசி நெஃபெர்டிட்டியின் புகழ்பெற்ற மார்பளவுச் சிலை 1912 டிசம்பர் 6 அன்று துத்மோஸ் என்ற சிற்பியின் வீட்டில் கிடைத்தது. இருப்பது பெர்லினில். 1887-இல் இங்கே வெளிப்பட்ட அமார்னா கடிதங்கள், அக்காடிய மொழியில் அண்டை அரசர்கள் எழுதிய களிமண் பலகைகள், அவையும் பெர்லின், லண்டன், கெய்ரோ அருங்காட்சியகங்களுக்குப் போய்விட்டன. இங்கே மிஞ்சியிருப்பது அவற்றின் முகவரி மட்டும்.

வண்டி, தண்ணீர், நேரம்

வண்டியை இறக்கிவிட்டு அனுப்பிவிடாதீர்கள். வடக்குக் கல்லறையிலிருந்து தெற்குக் கல்லறை வரை பல கிலோமீட்டர், அரசர் கல்லறை பள்ளத்தாக்கினுள் இன்னும் தூரம். நாள் முழுவதற்கும் பேசிக்கொள்ளுங்கள். நிழல் கிடையாது, தண்ணீர் கையில் இருக்க வேண்டும். அக்டோபர் முதல் மார்ச் வரை வருவது நல்லது. மின்யா பகுதியில் வெளிநாட்டவருடன் காவல்துறை துணைக்கு வருவது வழக்கம், அதற்கு ஆகும் நேரத்தையும் கணக்கில் வையுங்கள். கல்லறைக்குள் ஃபிளாஷ் வேண்டாம், ஒரு டார்ச் போதும்.

இன்னும் அரைநாள் இருந்தால் அக்கரைக்குப் போங்கள். தூனா எல்-ஜபல் பாறைச்சரிவில் நகரத்தின் எல்லைக்கல் ஒன்று இருக்கிறது. அகெனாதென் ஊரைச் சுற்றி மலையில் வெட்டிவைத்த எல்லைக்கல்வெட்டுகளில் இதுவரை 16 கிடைத்திருக்கின்றன. தொடக்ககாலக் கல்வெட்டுகளில், தான் வேறெங்கே இறந்தாலும் தன்னை அகெத்-ஆதெனுக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்ய வேண்டும் என்று எழுதச் சொல்லியிருக்கிறார். அவருடைய உடலுக்கான கல்பெட்டியைப் பின்னால் வந்தவர்கள் உடைத்துத் துண்டாக்கினார்கள். ஒட்டிச் சேர்த்த அந்தப் பெட்டி கெய்ரோவில் இருக்கிறது.