கொழுக்கட்டை அவித்த பல்லை யார் தீட்டுகிறது?

பிள்ளைக்கு முதல் பல் முளைத்தால் திருகோணமலையில் எங்கள் வீடுகளில் பல்லுக்கொழுக்கட்டை அவிப்போம். தேங்காயைப் பல்லுப்பல்லாகக் கீறிக் கொழுக்கட்டையின் விளிம்பில் குத்தி, பிள்ளையை இருத்தித் தலையில் கொட்டுவோம். முன்னால் புத்தகம், பேனை, காப்பு, காசு என்று பரப்பி வைத்து எதைத் தூக்குகிறான் என்று பார்ப்போம். என் மூத்தவன் பேனையைத் தூக்கினான். அப்பம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு கொண்டாட்டத்தோடு வரவேற்ற அந்தப் பல்லை அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் வீட்டில் ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு வயதில் மேல் முன்பல் நான்கும் விளிம்பில் மண்ணிறமாகி, சிரித்தால் வாயைப் பொத்துகிற பிள்ளையாகிவிட்டான்.

இளையவள் பிறந்தபோது முன்கூட்டியே பல் டொக்டரிடம் போனேன். "எந்தப் பேஸ்ட் நல்லது?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் என்னையே திருப்பிக் கேட்டார்: "ஆர் தீட்டி விடுறது? எத்தனை மணிக்கு?" இரண்டுக்கும் என்னிடம் மறுமொழி இல்லை. பேஸ்டையும் பிரஷையும் தேடி அலைகிற நாங்கள் கோட்டை விடுகிற இடம் அதுதான் என்று இப்போது விளங்குகிறது.

"விழுந்து முளைக்கிற பல்லுத்தானே"

இந்த ஒரு வசனம் கெடுத்த பல்லுகளுக்குக் கணக்கில்லை. பால்பற்கள் மொத்தம் 20. ஆறு மாத அளவில் தொடங்கி, இரண்டரை மூன்று வயதுக்குள் எல்லாம் வந்துவிடும். முன்பற்கள் ஆறேழு வயதில் விழும் என்பது சரி. ஆனால் கடைவாய்ப் பால்பற்கள் பத்து, பன்னிரண்டு வயது வரை நின்று வேலை செய்ய வேண்டியவை. அவை சூத்தையாகிக் காலத்துக்கு முன்னமே பிடுங்கப்பட்டால் பக்கத்துப் பல் அந்த இடத்துக்குச் சரிந்துவிடும். பிறகு நிரந்தரப் பல் வர இடம் தேடி, கோணல்மாணலாக வரும். பால்பல்லின் எனாமல் பெரியவர்களுடையதைவிட மெல்லியது, சூத்தை விழுந்தால் வேகமாக உள்ளே இறங்கும். ஆகவே துப்புரவு தொடங்க வேண்டியது கொழுக்கட்டை அவிக்கிற வாரத்தில்தான்.

வீட்டு வைத்தியப் பெட்டியில் இருந்து எடுப்பவை

ஆலும் வேலும் பல்லுக்குறுதி என்று பழமொழி இருக்கிறது. கிண்ணியா, மூதூர்ப் பக்கத்தில் மிஸ்வாக் குச்சி இன்றைக்கும் பழக்கத்தில் உள்ளது. மென்று தும்பாக்கித் தீட்டத் தெரிந்த வளர்ந்தவருக்கு அவை பொருந்தும். ஒரு வயதுப் பிள்ளையின் வாயில் தும்பு ஈறைக் கிழிக்கும், பிய்ந்து தொண்டைக்குள்ளும் போகும். உமிக்கரியும் உப்பும் அதைவிட மோசம். கரி தேய்த்தால் பல் வெளுப்பதாகத் தெரிவது உரசலால்தான். பாத்திரத்தைச் சாம்பலால் தேய்ப்பதும் அதே வேலைதான். கரி கலந்த புதுப் பேஸ்டுக்கும் இது பொருந்தும். தேசிக்காய்ப்புளி தேய்ப்பது நேரடியாகப் பல்லில் அமிலம் ஊற்றுவதுதான்.

பல் முளைக்கும்போது அழுகிற பிள்ளைக்கு ஈறில் தேன் தடவுகிற பழக்கத்தையும் சொல்ல வேண்டும். ஒரு வயதுக்கு முன் தேன் கூடவே கூடாது; அதில் இருக்கக்கூடிய கிருமி வித்து கைக்குழந்தையின் குடலில் முளைத்து நரம்பைத் தளர்த்துகிற நஞ்சைச் சுரக்கும். கராம்பு எண்ணெய் பெரியவரின் பல்வலிக்கு ஒரு துளி சரி. சின்னப் பிள்ளை அதைச் சிறிதளவு விழுங்கினாலே ஈரல் பாதிக்கப்படலாம். மருந்துக்கடையில் கிடைக்கிற, ஈறை விறைக்க வைக்கும் பென்சோகெயின் களிம்பை இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குப் பாவிக்க வேண்டாம் என்று 2018இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம் எச்சரித்தது. அபூர்வம்தான், ஆனால் இரத்தம் ஒட்சிசனைக் காவ முடியாமல் போய் உயிராபத்து வரலாம். குளிர வைத்த சுத்தமான ஈரத் துணியைக் கடிக்கக் கொடுத்தால் போதும். கழுவிய விரலால் ஈறை அழுத்தித் தடவினாலும் பிள்ளை அமைதியாகும்.

விரலில் மாட்டுகிற பிரஷ்

சிலிக்கனில் விரலுறை மாதிரி ஒன்று விற்கிறார்கள். முதல் இரண்டு நான்கு பல்லுக்கு அது நல்லது, மெல்லிய ஈரத் துணியும் நல்லது. பிரச்சினை, அதிலேயே இரண்டு வயது வரை நின்றுவிடுவது. பதின்மூன்று மாதத்துக்குப் பிறகு கடைவாய்ப்பற்கள் வரத் தொடங்கும். அவற்றின் மேலே குழியும் பள்ளமும் இருக்கும். சிலிக்கன் புடைப்பு அந்தப் பள்ளத்துக்குள் இறங்காது, நைலோன் மயிர்தான் இறங்கும். பல் வந்த பிள்ளை சிலிக்கனைக் கடித்துத் துண்டாக்கவும் கூடும், உங்கள் விரலையும் சேர்த்து. சின்னத் தலை, மிக மென்மையான மயிர், உங்கள் கைக்குள் அடங்குகிற தடித்த பிடி: இவ்வளவும் பார்த்தால் போதும். பூனைக்குட்டிப் படம் பிள்ளைக்கு. மயிர் விரிந்தால் உடனே, இல்லாவிட்டால் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மாற்றுங்கள். அண்ணனுடைய பிரஷை தம்பிக்குக் கொடுக்கக் கூடாது. ஈரத்தோடு மூடி போட்டு வைக்காமல், காற்றுப் படும் இடத்தில் நிறுத்தி வையுங்கள். குளியலறையில் வைத்தால் இரவில் கரப்பான் சுவை பார்த்துவிடும் என்பது எங்கள் வீட்டு அனுபவம்.

அரிசிமணி அளவு

பேஸ்ட் விளம்பரத்தில் பிரஷ் நீளத்துக்கு அலை அலையாகப் போடுவார்கள். அது ஏறத்தாழ ஒரு கிராம். மூன்று வயது வரைக்கும் ஓர் அரிசிமணி அளவுதான் பிள்ளைக்குத் தேவை, மூன்றில் இருந்து ஆறு வரை ஒரு பட்டாணி அளவு. ஏனென்றால் இந்த வயதில் பிள்ளைக்குத் துப்பத் தெரியாது, போட்டதெல்லாம் வயிற்றுக்குத்தான் போகும்.

இதில் இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. ஒரு பக்கம், புளோரைட்டுக்குப் பயந்து அது இல்லாத பேஸ்டை மட்டும் தேடுகிறவர்கள். சூத்தையைத் தடுக்கிற பொருள் பேஸ்டில் அதுதான். நுரையும் வாசமும் வெறும் அலங்காரம். டியூப்பின் பின்புறத்தில் பி.பி.எம் (பத்து லட்சம் பங்கு பேஸ்டில் எத்தனை பங்கு புளோரைட்) என்று எழுதிய எண்ணைப் பாருங்கள். 1000 அளவில் இருந்தால், அரிசிமணி அளவில் வருகிற புளோரைட் 0.1 மில்லிகிராம் மட்டும்தான். மறுபக்கம், ஸ்ட்ரோபெரி வாசம் என்று டியூப்பைப் பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள். டியூப் உயரத்தில் இருக்க வேண்டும், பேஸ்டைப் போடுகிறது பெரியவரின் கை.

எங்கள் மாவட்டத்தில் இதற்கு மேல் தண்ணீரையும் பார்க்க வேண்டியிருக்கிறது. நகரத்துக் குழாயில் வருவது கந்தளாய்க் குளத்துத் தண்ணீர். ஆனால் உலர் வலயத்தின் உள்பகுதிகளில், அயலில் உள்ள அனுராதபுரம், பொலன்னறுவைப் பக்கம்போல, கிணற்று நீரில் புளோரைட் கூடுதலாக இருக்கலாம். உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கிற எல்லை லீற்றருக்கு 1.5 மில்லிகிராம். அந்த அளவுள்ள தண்ணீரை ஒரு பிள்ளை நாளுக்கு ஒரு லீற்றர் குடித்தால், அரிசிமணிப் பேஸ்டைப் பதினைந்து தடவை விழுங்கியதற்குச் சமம். புளோரைட் கூடினால் அது பால்பல்லில் பெரிதாகத் தெரியாது. தாடைக்குள் அந்த வயதில் உருவாகிக்கொண்டிருக்கும் நிரந்தர முன்பல்லில் வெள்ளைக் கோடாகவோ மண்ணிறப் படையாகவோ பதிந்து, ஏழு வயதில் வெளியே வரும்போதுதான் தெரியும். கொதிக்க வைத்தால் புளோரைட் போகாது, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் செறியும். சாதாரண வடிகட்டியும் அதை எடுக்காது. உங்கள் கிணறு ஆழமான குழாய்க்கிணறாக இருந்தால், பேஸ்டை நிறுத்துவதற்கு முன் தண்ணீரைப் பரிசோதியுங்கள். முடிவைப் பல் டொக்டரிடம் காட்டி, எந்தப் பேஸ்ட் என்று அவரிடமே கேளுங்கள்.

பிள்ளையே தீட்டட்டும் என்று விடுவது

"என்ர பிள்ளை தானே தீட்டுவான்" என்பதில் எங்களுக்குப் பெருமை. இரண்டு வயதுப் பிள்ளை தீட்டுவதில்லை, பிரஷைச் சப்புகிறது. ஏழெட்டு வயது வரை பெரியவர் ஒருவர்தான் தீட்டி விட வேண்டும். அவன் முதலில் விளையாடட்டும், முடிக்கிறது நீங்கள். பிரஷை வாயில் வைத்தபடி ஓடவும் விடாதீர்கள். விழுந்தால் அண்ணம் கிழியும்.

முன்னால் நின்று தீட்டினால் பிள்ளை தலையைத் திருப்பும், நீங்கள் தாடையைப் பிடிப்பீர்கள், சண்டை தொடங்கும். நான் மூத்தவனோடு ஒரு வருடம் இப்படியே சண்டை பிடித்தேன். இளையவளைப் பாயில் படுக்க வைத்து, தலையை என் மடிக்குள் வைத்துக்கொள்கிறேன். அவளுடைய முகம் எனக்குத் தலைகீழாகத் தெரியும். இடது கை விரலால் மேலுதட்டைத் தூக்கி, ஈறும் பல்லும் சேருகிற கோட்டில் பிரஷைச் சாய்த்து வைத்துச் சின்னச் சின்ன வட்டமாக ஓட்டினால் போதும், அழுத்தத் தேவையில்லை. மேலுதட்டை நாங்கள் ஒருபோதும் தூக்கிப் பார்ப்பதில்லை, சூத்தை தொடங்குவதோ அங்கேதான். ஈறோரத்தில் சோக்கால் கீறியது மாதிரி வெள்ளைக் கோடு தெரிந்தால், அது இன்னும் ஓட்டையாகவில்லை, புளோரைட் வைத்து நிறுத்தலாம் என்று அர்த்தம். மண்ணிறமாகிவிட்டால் பிந்திவிட்டது. பிள்ளை மிகவும் துள்ளினால் இரண்டு பெரியவர்கள் முழங்காலோடு முழங்கால் முட்ட இருந்து, ஒருவர் மடியில் கால், மற்றவர் மடியில் தலையாகக் கிடத்திக்கொள்ளலாம். அம்மம்மாவுக்கும் ஒரு வேலை கிடைக்கும்.

தீட்டின பிறகு வாய் நிறையத் தண்ணீர் ஊற்றிக் கொப்பளிக்கப் பழக்க வேண்டாம். நுரையைத் துப்பினால் போதும், துப்பத் தெரியாவிட்டால் துணியால் துடையுங்கள். மவுத்வாஷ் ஆறு வயதுக்கு முன் வேண்டாம்.

இரவுச் சூப்பிப் போத்தல்

காலையில் தீட்டி இரவில் விட்டுவிடுவது பெரிய தவறு என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. நித்திரையில் எச்சில் குறைந்துவிடும். சூப்பிப் போத்தலை வாயில் வைத்தபடி தூங்குகிற பிள்ளையின் மேல் முன்பல்லில் பால்மாவும் சீனியும் விடியும்வரை தேங்கி நிற்கும். கீழ்ப்பல்லை நாக்கு மறைத்துக்கொள்ளும். அதனால்தான் என் மகனுக்கு மேல் நான்கும் மட்டும் போயின. பனங்கற்கண்டு போட்டால் பரவாயில்லை என்று நினைத்திருந்தேன். பல்லுக்கு அதுவும் சீனிதான். குடித்து முடித்த பிறகு தீட்டி, பிறகு வெறும் தண்ணீர் மட்டும்.

காய்ச்சல் இரவுகளில் இதையும் மறந்துவிடுவோம். பாணி மருந்துகள் பலவற்றில் சீனி இருக்கிறது. மருந்தை முதலில் கொடுத்து, பிறகு தீட்டுங்கள். நடுச்சாமத்தில் கொடுக்க வேண்டி வந்தால், ஈரத் துணியால் ஒரு துடை, இரண்டு மிடறு தண்ணீர்.

பல் டொக்டரிடம் ஒரு வயதுக்குள் ஒரு தடவை காட்டிவிடுங்கள். அரசாங்க ஆஸ்பத்திரியின் பல் கிளினிக்கில் காசு இல்லை. தவறவிட்டிருந்தால், பதினெட்டாம் மாதத் தடுப்பூசிக்குப் பிள்ளையின் கிளினிக் கொப்பியோடு போகிறபோது மருத்துவமாதுவிடம் உதட்டைத் தூக்கிக் காட்டி, "இந்த வெள்ளைக் கோட்டை ஒருக்காப் பாருங்கோ" என்று கேளுங்கள்.