இரண்டு பில்லை வைத்து இரண்டு விலை கண்டுபிடிப்பது எப்படி?

மாம்பழக் காலத்தில் காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு சாலையோரக் கடை. நீங்கள் 3 கிலோ செந்தூராவும் 2 கிலோ பங்கனப்பள்ளியும் வாங்குகிறீர்கள். மொத்தம் 240 ரூபாய். பக்கத்தில் நின்ற பெரியம்மா 2 கிலோ செந்தூரா, 5 கிலோ பங்கனப்பள்ளி வாங்கி 380 ரூபாய் கொடுக்கிறார். கிலோ என்ன விலை என்று யாரும் சொல்லவில்லை. கேட்காமலே கண்டுபிடிக்க முடியுமா? முடியும். (விலைகள் கணக்குக்காக நான் வைத்தவை. பெங்களூரா மாம்பழத்தை விட்டுவிட்டேன். அது பெரும்பாலும் கூழ் ஆலைக்குத்தான் போகிறது.)

ஒன்பதாம் வகுப்பில் இதற்கு ‘ஒருங்கமை நேரியச் சமன்பாடுகள்’ என்று பெயர். பெயரைக் கேட்டே பயப்படும் பிள்ளைகளை மாலை டியூஷனில் பார்க்கிறேன். அவர்களுக்குப் பெருக்கலும் கழித்தலும் நன்றாகவே வருகின்றன. தடுமாறுவது அதற்கு முன்னால், வாக்கியத்தைச் சமன்பாடாக எழுதும் இடத்தில். அதனால் அங்கே கொஞ்சம் நின்று போவோம்.

முதல் படி: எழுத்து எதைக் குறிக்கிறது என்று முழுதாக எழுதுங்கள்

புத்தகத்தில் எக்ஸ், ஒய் என்று இருக்கும். நாம் செ, ப என்று வைத்துக்கொள்வோம்.

1 கிலோ செந்தூராவின் விலை = செ ரூபாய்
1 கிலோ பங்கனப்பள்ளியின் விலை = ப ரூபாய்

‘செ என்றால் செந்தூரா’ என்று எழுதி நிறுத்திவிடாதீர்கள். செ பழம் இல்லை, கிலோவும் இல்லை. ஒரு கிலோவுக்குக் கொடுக்கும் ரூபாய். இது மனதில் பதிந்துவிட்டால், 3செ என்பது மூன்று பழமாகத் தெரியாது, மூன்று கிலோவுக்குக் கொடுத்த பணமாகத் தெரியும். வலது பக்கம் இருக்கும் 240-ம் பணம்தான். பணத்துக்குப் பணம் சமம்.

இரண்டாம் படி: ஒரு பில்லுக்கு ஒரு சமன்பாடு

3செ + 2ப = 240 … (1)
2செ + 5ப = 380 … (2)

இரண்டு பேருக்கும் கடைக்காரர் ஒரே விலை போட்டார் என்று இங்கே எடுத்துக்கொள்கிறோம். காலையில் ஒரு விலை, பொழுது சாயும்போது ஒரு விலை என்றால் இந்தக் கணக்கு செல்லாது. பைக்கு 10 ரூபாய் சேர்த்து வாங்கியிருந்தால் முதலில் அதைக் கழித்துவிடுங்கள்.

மூன்றாம் படி: ஒரு எழுத்தை நீக்குங்கள்

செ-வை நீக்குவோம். ஒன்றில் 3செ, இன்னொன்றில் 2செ. இரண்டையும் 6செ ஆக்க, (1)-ஐ 2 ஆலும் (2)-ஐ 3 ஆலும் பெருக்க வேண்டும். வலது பக்கத்தையும் மறக்காமல் பெருக்குங்கள்.

6செ + 4ப = 480
6செ + 15ப = 1140

உங்களைப் போல இரண்டு பேரும், பெரியம்மாவைப் போல மூன்று பேரும் வாங்கியதாக நினைத்துப் பாருங்கள். செந்தூராவுக்கான பணம் இரண்டு கூட்டத்துக்கும் ஒன்றுதான். அப்படியானால் கூடுதலாகப் போன 660 ரூபாய் முழுவதும் கூடுதலாக வாங்கிய 11 கிலோ பங்கனப்பள்ளிக்குப் போனது.

11ப = 660, ப = 60

இதை (1)-இல் போட்டால் 3செ + 120 = 240, செ = 40.

நான்காம் படி: அடுத்தவர் பில்லில் சரிபாருங்கள்

செ-வைக் கண்டுபிடிக்க (1)-ஐப் பயன்படுத்தியதால், சரிபார்ப்பதை (2)-இல் செய்யுங்கள். 2 × 40 + 5 × 60 = 380. சரி.

ஒரு தம்பி இதே கணக்கில் இடது பக்கம் கழித்துவிட்டு, வலது பக்கம் கூட்டிவிட்டான். 11ப = 1620 என்று வந்தது. செந்தூராவின் விலை கிட்டத்தட்ட மைனஸ் 18 ரூபாய். நானே திருத்தவில்லை. “பழத்தையும் கொடுத்து, கடைக்காரர் கையில் 18 ரூபாயும் தருவாரா?” என்று கேட்டேன். உடனே தப்பை அவனே தேடிப் பிடித்தான்.

‘விட அதிகம்’ என்று வந்தால்

ஒரு கிலோ புளி, ஒரு கிலோ ராகியைவிட 90 ரூபாய் அதிகம். 4 கிலோ ராகியும் 1 கிலோ புளியும் சேர்த்து 290 ரூபாய். இங்கே 90-ஐத் தப்பான பக்கம் கூட்டிவிடுபவர்கள் நிறைய. எது விலை கூடியது என்று முதலில் கேளுங்கள். புளி. குறைந்த விலையோடு 90-ஐச் சேர்த்தால்தான் அது வரும்: பு = ரா + 90. இதை அப்படியே மற்றதில் வையுங்கள்.

4ரா + ரா + 90 = 290
5ரா = 200

ராகி 40, புளி 130. இதுதான் பிரதியிடல் முறை. ஒரு விலையை இன்னொன்றைக் கொண்டு சொல்லியிருந்தால் இதுவே சுலபம்.

விடையே வராத பில்லும் உண்டு

பெரியம்மா 6 கிலோ செந்தூரா, 4 கிலோ பங்கனப்பள்ளி வாங்கி 480 கொடுத்திருந்தால்? அது உங்கள் பில்லின் இரண்டு மடங்கு, அவ்வளவுதான். புதிதாக ஒன்றும் தெரியாது. நீக்கிப் பார்த்தால் 0 = 0 என்று நிற்கும். அதே எடைக்கு அவர் 450 கொடுத்திருந்தால் 0 = 30 என்று வரும். அப்படி ஒரு விலையே கிடையாது. அவருக்கு மட்டும் விலை குறைத்திருக்கிறார்கள், அல்லது யாரோ தப்பாகக் கூட்டியிருக்கிறார்கள்.

இப்போது நீங்கள் போட்டுப் பாருங்கள். போச்சம்பள்ளிச் சந்தையில் 5 தேங்காயும் 2 கிலோ கொள்ளும் 270 ரூபாய். 3 தேங்காயும் 4 கிலோ கொள்ளும் 330 ரூபாய். இதில் ஒரு சமன்பாட்டை மட்டும் பெருக்கினால் போதும். தேங்காய் 30, கொள்ளு கிலோ 60 என்று வர வேண்டும்.