புதையல் வைக்க முந்தி ப்ளேயர் கையில என்ன ஆயுதம்னு பாருங்க

ஹட்டன், பண்டாரவளை பக்கம் மழைக்கு வீட்டுக்குள்ள குந்தி டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்ங்கிற பகடை உருட்டி கதை சொல்ற விளையாட்டோட 5ஆம் எடிஷன் நடத்துறவங்களுக்கு ஒரு விஷயம். ஒருத்தர் ஈட்டி மாதிரி நீள ஆயுதத்துக்குன்னே ஃபீட் (பாத்திரத்துக்கு எடுக்குற தனித் திறமை) எடுத்து வச்சிருக்கப்போ புதையல்ல மந்திர வாள் வந்தா அவருக்கு அதால பிரயோசனமே இல்ல, வித்துருவாரு, அதனால ப்ளஸ் 1 சக்திய (அடிக்கிற உருட்டலுக்கும் டேமேஜுக்கும் 1 கூட்டுறது) அப்படியே வச்சிட்டு ஆயுதத்த மட்டும் மாத்தி குடுத்துருங்க. தோட்டத்து கவ்வாத்து கத்தியவே மந்திர ஆயுதமாக்கலாம், அரிவாளோட டி4 (நாலு பக்க பகடை) டேமேஜ் போட்டா சரி, எனக்கு ரொம்ப புடிச்சது இதுதான்! சாதாரண ப்ளஸ் 1 ஆயுதத்துக்கு அட்யூன்மென்ட் (மந்திரம் வேலை செய்ய பாத்திரம் அந்த சாமானோட தன்ன இணைச்சுக்குறது) தேவையில்ல. நெருப்பு வாள் மாதிரி அட்யூன்மென்ட் கேக்குற சாமான் ஒரு ஆளுக்கு ஒரே நேரத்துல 3 தான், அதுகள கொஞ்சம் பாத்து குடுங்க.