மூணாறு எல்லை மலை: கிலோமீட்டரை நம்பிப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

போடியிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு மேப்பில் விரல் வைத்து அளந்தால் 20 கிலோமீட்டர்கூட வராது. காரில் போனால் சுமார் 100. நேர்வழி என்பது குரங்கணியிலிருந்து ஏறும் நடைபாதை. அதில் சக்கரம் உருளாது. போடிமெட்டு, பூப்பாறை, தேவிகுளம், மூணாறு என்று சுற்றி, மாட்டுப்பட்டியும் குண்டளையும் தாண்டித்தான் டாப் ஸ்டேஷன் வரும். இத்தனைக்கும் அது தேனி மாவட்டத்து மண். ஒரு காலத்தில் மூணாற்றுத் தேயிலை குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலில் இங்கே வந்து, கம்பிவடத்தில் கோட்டகுடிக்கு இறங்கி, போடிக்குப் போனது. 1924 வெள்ளம் அந்த ரயில் பாதையை அடித்துக்கொண்டு போய்விட்டது. பெயரில் மட்டும்தான் ஸ்டேஷன் மிச்சம்.

இதே மாதிரி இன்னொரு மேப் ஏமாற்று, கொடைக்கானலிலிருந்து பேரிஜம் வழியாக மூணாறுக்குப் போகும் பழைய எஸ்கேப் ரோடு. கோடு தெரியும், வழி கிடையாது. பல வருடங்களாகப் பொதுப் போக்குவரத்துக்கு மூடியே கிடக்கிறது. கொடைக்கானலில் இருந்து வத்தலக்குண்டு, தேனி, போடி என்று இறங்கி மறுபடி ஏற வேண்டும். அந்தப் பகல் அதற்கே சரியாகிவிடும்.

இந்த மலையில் மணிக்கு 25 கிலோமீட்டர் என்று கணக்குப் போடுங்கள். லீவு நாட்களில் அதுவும் ஓடாது. போடி–மூணாறு இரண்டரை மணி நேரம். உடுமலை–மூணாறு மூன்று. குமுளி–மூணாறு மூன்றிலிருந்து நான்கு. தேக்கடியில் காலைப் படகு, மதியம் மூணாறு, சாயங்காலம் மறையூர் என்று திட்டம் போட்டு வருகிற குடும்பங்கள் பார்ப்பது முக்கால்வாசி முன்னால் போகிற வண்டியின் பின்பக்கத்தைத்தான். ஒரு நாளைக்கு ஒரு திசை போதும்: இரவிகுளம் பூங்காவின் சுற்றுலாப் பகுதியான ராஜமலையும் மறையூரும் ஒரு பக்கம், மாட்டுப்பட்டி, டாப் ஸ்டேஷன், வட்டவடை இன்னொரு பக்கம், சின்னக்கானலும் சூரியநெல்லியும் மூன்றாவது பக்கம்.

எப்போது போவது

இரவிகுளம் தேசியப் பூங்காவில் வரையாடு பார்க்கலாம் என்று பிப்ரவரியில் வந்து கேட்டில் நிற்பவர்கள் ஒவ்வொரு வருடமும் உண்டு. ஆடுகள் குட்டி போடும் பருவம் என்பதால் வழக்கமாக பிப்ரவரி, மார்ச் இரண்டு மாதமும் ராஜமலையில் பார்வையாளர்களுக்கு அனுமதி இல்லை. தலைகீழாக நின்றாலும் விடமாட்டார்கள், விடவும் கூடாது. திறந்திருக்கும் காலத்திலும் ஆன்லைனில் நேரம் போட்டு டிக்கெட் எடுத்துவிட்டுக் கிளம்புங்கள். உங்கள் கார் உள்ளே போகாது. வனத்துறை பஸ்தான் ஏற்றிக்கொண்டு போகும். முதல் நேரத்தையே எடுங்கள், மதியத்துக்கு மேல் மஞ்சு (மூடுபனி) இறங்கினால் பத்தடிக்கு அப்பால் ஆடும் தெரியாது, ஆனைமுடியும் தெரியாது. 2,695 மீட்டர் உள்ள அந்தச் சிகரத்தில் ஏறிவிடலாம் என்ற ஆசையும் வேண்டாம், ராஜமலை டிக்கெட் சுற்றுலாப் பாதைக்கு மட்டும்தான்.

வரையாடு ரோட்டோரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும். அது மனிதர்களுக்குப் பழகிப்போன காட்டு விலங்கு, வளர்ப்பு ஆடு என்று நினைத்துவிடாதீர்கள். கொம்பைப் பிடித்துப் படம் எடுத்துக் கைதானவர்கள் உண்டு.

நீலக்குறிஞ்சி விஷயத்தில் வாட்ஸ்அப்பை நம்ப வேண்டாம். ராஜமலைப் பக்கம் 2006இல் பூத்தது, 2018இல் பூத்தது, அடுத்து 2030. நடுவில் வரும் ‘குறிஞ்சி பூத்துவிட்டது’ செய்திகள் எல்லாமே பொய் என்றும் சொல்ல முடியாது. குறிஞ்சி இனத்தில் பல வகை உண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு கணக்கு. 2022இல் சாந்தம்பாறைக்குப் பக்கத்தில் கள்ளிப்பாறை மலை முழுக்க நீலமாக நின்றது. ஆகவே செய்தியில் எந்த மலை என்று பாருங்கள். அது இல்லாத செய்திக்கு லீவு போடாதீர்கள்.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வருகிறவர்கள் இடுக்கி மாவட்ட மழை எச்சரிக்கையைப் பார்க்காமல் கிளம்பக் கூடாது. ஆரஞ்சு, ரெட் அலர்ட் நாட்களில் இரவுப் பயணத்துக்குத் தடை வரும். மூணாறு–போடிமெட்டு சாலையில் வரும் கேப் ரோட்டில் மண்ணும் பாறையும் சரிவது புதிதல்ல. ராஜமலைக்குப் பக்கத்துப் பெட்டிமுடியில் 2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி இரவு மலை சரிந்து தோட்டத் தொழிலாளர் லயங்களை (வரிசை வீடுகளை) மூடியதில் 70 பேர் போனார்கள், பெரும்பாலும் தமிழ்க் குடும்பங்கள். ‘மழையில் மூணாறு அழகு’ என்று எழுதுகிறவர்கள் அதையும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

டிசம்பர், ஜனவரியில் மூணாறைச் சுற்றிய எஸ்டேட்களில் விடியற்காலையில் உறைபனி விழும். ஸ்வெட்டர் எடுத்துக்கொண்டு காதை மறந்துவிடுவார்கள். மஃப்ளரோ குல்லாவோ இல்லாமல் வியூ பாயிண்டில் அரை மணி நேரம் நிற்க முடியாது. உயரத்தினால் வரும் நோய் இங்கே கிடையாது. ஏறும்போது வரும் தலைசுற்றலும் வாந்தியும் வளைவுகளின் வேலை. மாத்திரையை மலை ஏறத் தொடங்குவதற்கு அரை மணி முன்னால் போடுங்கள். வாந்தி வந்த பிறகு போட்டால் அதுவும் சேர்ந்து வெளியே வரும்.

இறக்கத்தில்தான் வண்டி கெடும்

ஏறும்போது எல்லாரும் ஜாக்கிரதையாக இருக்கிறார்கள். ஆபத்து, திரும்பும் நாள் போடிமெட்டிலிருந்து முந்தலுக்கு இறங்கும் அந்த 17 கொண்டை ஊசி வளைவுகளில். எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்க வேண்டும், பெரும்பாலும் இரண்டாவது. நியூட்ரலில் விட்டு பெட்ரோல் மிச்சம் பிடிக்கிறவர் வேகத்தை முழுக்க பிரேக்கால் தாங்குகிறார். பேட் சூடேறி, கருகல் வாடை வரும், பிறகு மிதித்தால் பிரேக் பிடிக்காது. வாடை வந்த உடனே அகலமான இடத்தில் ஒதுங்கி அரை மணி ஆற விடுங்கள். தண்ணீர் ஊற்றக் கூடாது, சூட்டில் இருக்கும் டிஸ்க் கோணிக்கொள்ளும். ஆட்டோமேட்டிக் வண்டி என்றால் ‘டி’யில் விட்டு இறங்காமல் ‘எல்’ அல்லது மேனுவலுக்கு மாற்றுங்கள்.

சக்கரத்துக்கு அணைவாகக் கல் வைப்பது சரி. கிளம்பும்போது அதை எடுத்து ஓரத்தில் போடாமல் போவதுதான் தப்பு. ராத்திரி மஞ்சில் வரும் பைக்குக்கு அந்தக் கல் எமன். ஏறி வரும் வண்டிக்கு வழி விடுவது மரியாதை மட்டுமில்லை, சட்டமும் அதுதான். மஞ்சில் ஹை பீம் போட்டால் வெள்ளைச் சுவர்தான் தெரியும், லோ பீமில் போங்கள்.

கொழுக்குமலை

மூணாறு டவுனில் ரூம் போட்டுவிட்டு ஐந்து மணிக்கு எழுந்தால் கொழுக்குமலைச் சூரியோதயத்தை மறந்துவிடலாம். சூரியநெல்லிக்கே ஒரு மணி நேரம் பிடிக்கும். அதற்கு மேல் உங்கள் கார் போகாது. ஜீப் பிடித்து, கல்லும் குழியுமான பாதையில் இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல். ஜனவரியில் சூரியன் 6.40 வாக்கில் எழும், மே மாதத்தில் 6 மணிக்கே. ஆக நாலு, நாலரைக்கு சூரியநெல்லியில் ஜீப்பில் உட்கார்ந்திருக்க வேண்டும். முதல் நாள் ராத்திரி சின்னக்கானல் பக்கமே தங்குவது புத்திசாலித்தனம். கர்ப்பிணிகள், முதுகெலும்பில் டிஸ்க் பிரச்சினை உள்ளவர்கள் இந்த ஜீப்பில் ஏறவே கூடாது. இதில் தயவு தாட்சண்யம் பார்க்க ஒன்றுமில்லை.

‘திரும்பும்போது குரங்கணிக்கு நடந்தே இறங்கிவிடலாம்’ என்று யாராவது சொன்னால், வனத்துறை அனுமதிச் சீட்டைக் காட்டச் சொல்லுங்கள். 2018 மார்ச்சில் அந்தச் சரிவில் காட்டுத்தீயில் 20 பேருக்கு மேல் இறந்தார்கள். போதைப்புல் என்னும் உயரமான மலைப்புல் காய்ந்து பற்றினால், மேல்நோக்கி ஓடுகிற மனிதனைவிடத் தீ வேகமாக ஏறும். கோடையில் அந்தப் பாதையைத் தொடாதீர்கள்.

யானை

ஆனையிறங்கல், மாட்டுப்பட்டி, தேவிகுளம் எங்கேயும் யானை ரோட்டில் நிற்கலாம். படையப்பா என்று ஊர் பெயர் வைத்த கொம்பன் கடை வரைக்கும் வந்து காய்கறி தின்றுவிட்டுப் போகும். அது சாது என்று நம்பி செல்ஃபிக்கு இறங்காதீர்கள். மதம் பிடித்த காலத்தில் அதே யானை வண்டியைப் புரட்டும். 100 மீட்டருக்கு முன்னாலேயே நிறுத்துங்கள். ஹாரன் வேண்டாம், ஃப்ளாஷ் வேண்டாம், எஞ்சின் ஓடட்டும், பின்னால் வண்டி சேருவதற்குள் மெதுவாக ரிவர்ஸ் எடுங்கள். பைக்கில் விடியலுக்கு முன்னாலும் இருட்டிய பிறகும் இந்த ரோடுகளில் போகாமல் இருப்பதே நல்லது.

மறையூர்

மறையூர் முனியறைகள் இரும்புக்கால மனிதர்கள் எழுப்பிய கல்லறைகள். நாலு பக்கமும் பலகைக்கல், மேலே ஒரு மூடுகல், அவ்வளவுதான். சிமெண்ட் கிடையாது, ஒன்றின் பாரத்தில் இன்னொன்று நிற்கிறது. மூடுகல்மேல் ஏறி உட்கார்ந்து படம் எடுப்பதும், கரியால் பெயர் எழுதுவதும்தான் இங்கே நடக்கும் பெரிய தப்பு. சந்தனக் காட்டுக்குள் கீழே கிடக்கும் சுள்ளியைக்கூட நினைவுக்கு என்று எடுத்துவிடாதீர்கள், செக்போஸ்ட்டில் பதில் சொல்ல முடியாது.

மறையூர் வெல்லத்துக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் பெயரில் வேறு ஊர்ச் சரக்கும் ரோட்டோரத்தில் விற்கும். கரும்பு காய்ச்சும் கொட்டகைக்கே போங்கள். சூடாக இருக்கும்போதே கையால் பிடித்த உருண்டை, கரும்பழுப்பு, மேலே விரல் பதிந்த தடம் தெரியும். வெளிர் மஞ்சளாகப் பளபளவென்று இருந்தால் நகர்ந்துவிடுங்கள்.

உடுமலைக்கு இறங்குகிறவர்கள் மாலை 4 மணிக்குள் மறையூரை விட்டுவிட வேண்டும். சின்னாறு காட்டுச் சாலையில் இருட்டிய பிறகு வண்டிகளுக்குக் கட்டுப்பாடு, உள்ளே பெட்ரோல் பங்கும் கிடையாது.

சில்லறை விஷயங்கள்: தேயிலை மியூசியத்துக்குத் திங்கள் லீவு. ஊட்டி, கொடைக்கானல் மாதிரி மூணாறுக்கு இ-பாஸ் வேண்டும் என்று யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள். சின்ன பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலை வீட்டிலேயே வைத்துவிட்டு எவர்சில்வர் பாட்டில் கொண்டு வாருங்கள். தேயிலைப் பாத்திகளுக்குள் புகுந்து படம் எடுக்காதீர்கள், அது தனியார் தோட்டம்; மருந்து அடித்திருக்கும், பாம்பும் இருக்கும்.

மங்கலதேவி கண்ணகி கோயில்

குமுளிக்கு மேலே பெரியார் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கும் இந்தக் கோயில் வருடத்தில் ஒரே ஒரு நாள், சித்ரா பௌர்ணமியன்று மட்டும் திறக்கும். காலண்டரில் சித்திரை மாதம் என்று பொதுவாகப் பார்த்துவிட்டு மறுநாள் வருகிறவர்களும் இருக்கிறார்கள். தேனி, இடுக்கி மாவட்ட நிர்வாகங்கள் சேர்ந்து அறிவிக்கும் தேதியைப் பாருங்கள். குமுளியிலிருந்து பாஸ் உள்ள ஜீப்பில் போகலாம். சொந்தக் காருக்கு அனுமதி இல்லை. தமிழ்நாட்டுப் பக்கம் லோயர் கேம்ப் அருகே பளியங்குடியிலிருந்து நடக்க வேண்டும், ஆறரை கிலோமீட்டர் செங்குத்து. மதியத்துக்கு மேல் ஏற விடமாட்டார்கள், எனவே காலை ஆறு மணிக்கே அடிவாரத்தில் இருங்கள். குமுளியில் அன்று ரூம் கிடைப்பது கஷ்டம், கம்பத்திலோ கூடலூரிலோ முதல் நாளே தங்கிக்கொள்ளுங்கள். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், முழுக்கால் மூடிய ஷூ, முதல் நாள் மழை பெய்திருந்தால் அட்டைக்கு உப்பு அல்லது மூக்குப்பொடி. முழங்கால் வலி உள்ளவர்கள் ஜீப்பிலேயே திரும்பட்டும்; பளியங்குடி இறக்கம் ஏற்றத்தைவிட மோசம்.