கோவா கேசினோவுக்கு முதல் முறை போகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

தமிழ்நாட்டில் கேசினோ கிடையாது. அதனால் நண்பர்களோடு கோவா போகிறவர்கள், பணஜியில் மாண்டவி ஆற்றில் நிற்கும் கேசினோ கப்பலையும் ஒரு ராத்திரி பார்த்துவிடலாம் என்று கிளம்பிவிடுகிறார்கள். தாராளமாகப் பார்க்கலாம். ஆனால் அந்த ராத்திரிக்கு என்ன விலை என்று கணக்குப் போடாமல் போவதுதான் முதல் தவறு.

நுழைவுக் கட்டணத்தில் சாப்பாடு, மது, கூடவே கொஞ்சம் சிப்ஸும் (ஆட்டத்தில் பணத்துக்குப் பதிலாக வைக்கும் வில்லைகள்) தருவார்கள். 'கொடுத்த காசு சிப்ஸாகத் திரும்பி வந்துவிட்டதே' என்று சந்தோஷப்பட வேண்டாம். அவை பெரும்பாலும் ஓடிபி சிப்ஸ், அதாவது ஒரு முறை ஆட மட்டுமே. கவுன்டரில் கொடுத்தால் பணமாக மாற்றித் தரமாட்டார்கள். எந்த சிப்ஸ் பணமாகும், எது ஆகாது என்று கையில் வாங்கும்போதே கேளுங்கள்.

அடுத்தது வரி. 2025 செப்டம்பர் 22 முதல் கேசினோவுக்கு 40 சதவீத ஜிஎஸ்டி. ஜெயித்த தொகையைப் பார்த்துப் போடும் வரி அல்ல இது, சிப்ஸ் வாங்கும் தொகைக்கே வருகிறது. சொல்லும் விலையில் வரி சேர்ந்திருக்கிறதா, தனியா என்று பணம் கொடுக்கும் முன் தெரிந்துகொள்ளுங்கள். ஜெயித்தால் அதற்கு 30 சதவீத வருமான வரி வேறு. நேற்று தோற்றதை இன்று ஜெயித்ததில் கழித்துக் காட்டவும் சட்டம் விடாது.

இனி ஆட்டம். ரூலெட் என்பது, சுழலும் சக்கரத்தில் பந்து எந்தக் குழியில் விழும் என்று பந்தயம் கட்டும் ஆட்டம். சக்கரத்தில் 1 முதல் 36 வரை எண்கள், பாதி சிவப்பு, பாதி கறுப்பு, அதோடு ஒரு பூஜ்யம், ஆக 37 குழிகள். ஓர் எண்ணில் கட்டி ஜெயித்தால், கட்டிய காசோடு அதைப் போல 35 மடங்குதான் தருவார்கள். அந்த இடைவெளிதான் கேசினோவின் வருமானம், 100 ரூபாய்க்குச் சராசரியாக 2 ரூபாய் 70 காசு. கேட்க அற்பமாகத் தெரியும். ஒரு சுற்றுக்கு 500 ரூபாய், மணிக்கு 40 சுற்று, நான்கு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 80,000 ரூபாயைப் பந்தயம் கட்டியிருப்பீர்கள். அதற்குச் சராசரி இழப்பு சுமார் 2,160 ரூபாய். சக்கரத்தில் இரண்டு பூஜ்யம் இருந்தால் அதுவே 4,200 ஆகிவிடும். உட்காரும் முன் பூஜ்யத்தை எண்ணிப் பாருங்கள். பாக்கரட் என்ற சீட்டாட்டத்தில் 'டை' (இரு பக்கமும் சமம்) என்று ஒரு கட்டம் இருக்கும், எட்டு மடங்கு தருகிறேன் என்று ஆசை காட்டும். அங்கே 100 ரூபாய்க்குச் சராசரி இழப்பு 14 ரூபாய்க்கு மேல். அந்தப் பக்கமே போகாதீர்கள். அந்தர் பாஹர் வேறொன்றுமில்லை, நம் ஊர் உள்ளே வெளியேதான். தெரிந்த ஆட்டம் என்ற தைரியத்தில் பெரிதாகக் கட்டிவிடுகிறார்கள். ஊர்த் திண்ணையில் எதிரே உட்கார்ந்திருப்பவரும் நம்மைப் போல ஆடுகிறவர். இங்கே எதிரே இருப்பது கேசினோ, பணம் தரும் கணக்கை எழுதியதும் அதுவே.

புதியவர்களை அதிகம் ஏமாற்றுவது ரூலெட் சக்கரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பலகை. கடைசியாக விழுந்த எண்களைக் காட்டும். ஏழு தடவை கறுப்பு வந்துவிட்டது, இனி சிவப்புதான் என்று மனம் அடித்துச் சொல்லும். 1913 ஆகஸ்ட் 18 அன்று மான்டி கார்லோ கேசினோவில் தொடர்ந்து 26 முறை கறுப்பு விழுந்தது. இதோ சிவப்பு வரும் என்று கட்டிக்கொண்டே போனவர்கள் பெரும் பணத்தை இழந்தார்கள். பந்துக்கு ஞாபகம் கிடையாது. ஒவ்வொரு சுழற்சியிலும் சிவப்புக்கு வாய்ப்பு 37-க்கு 18, அவ்வளவுதான்.

நடைமுறையில் சில விஷயங்கள். 21 வயது ஆகியிருக்க வேண்டும், அசல் அடையாள அட்டை கையில் இருக்கட்டும். மேஜையில் ஆட்டத்தை நடத்தும் டீலர் கையில் பணத்தை நீட்டாதீர்கள், மேஜை மேல் வையுங்கள். பந்தயம் முடிந்தது என்று அவர் சொன்ன பிறகு சிப்ஸைத் தொடக் கூடாது. மேஜைப் பக்கம் போனில் படம் எடுக்கவும் விடமாட்டார்கள்.

எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது 'விட்டதைப் பிடிக்கிறேன்' என்ற நினைப்பு. ஆயிரம் போனதும் இரண்டாயிரம், அது போனதும் நான்காயிரம் என்று கட்டுவார்கள். ஒவ்வொரு டேபிளிலும் பந்தயத்துக்கு உச்சவரம்பு உண்டு, அதனால் இரட்டிப்பாக்கும் வித்தை ஏழெட்டுத் தோல்வியிலேயே முட்டி நின்றுவிடும். பையிலுள்ள காசு அதற்கு முன்பே தீர்ந்திருக்கும். இலவச மது இந்த நேரத்தில்தான் வேலை செய்கிறது. ஆகவே, போனால் போகட்டும் என்று விடக்கூடிய தொகையை மட்டும் ரொக்கமாக எடுத்துக்கொள்ளுங்கள். டெபிட் கார்டு ஹோட்டல் அறையிலேயே இருக்கட்டும். யுபிஐ வரம்பை அன்று காலையே குறைத்துவிடுங்கள். கூட வருகிறவரிடம் 'நான் கேட்டாலும் கடன் தராதே' என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

ஊர் திரும்பிய பிறகும், போன பணத்தை எடுக்க மறுபடி போக வேண்டும் என்று மனம் அரித்துக்கொண்டே இருந்தால், 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்கு அழையுங்கள். கட்டணம் கிடையாது, எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.