முதல் சர்ஃப் போர்டு வாங்கப் போகிறீர்களா? இந்தத் தவறுகளை நான் ஏற்கெனவே செய்துவிட்டேன்

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணி, சென்னைக்குப் பக்கத்துக் கோவளம். ஒரு தம்பி காரின் பின்கதவைத் திறந்து, வெள்ளி நிறப் பையிலிருந்து ஒரு போர்டை உருவினார். ஆறடிக்கும் குறைவு. ஓரம் கத்தி மாதிரி, மூக்கு ஊசி மாதிரி. விலைச்சீட்டு ஒட்டியிருந்த பசைத் தடம்கூட இன்னும் போகவில்லை. மேலே மெத்தென்றிருக்கும் என் எட்டடி ஃபோம் போர்டில் மெழுகு தேய்த்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த இரண்டு மணி நேரம் அவருக்கு எப்படிப் போகும் என்று அவர் கால் நனைவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. ஒன்பது வருடத்துக்கு முன்னால் இதே மணலில் அதே மாதிரி போர்டோடு நின்றவன் நான்.

நீச்சல் தெரியாமல் இறங்காதே, சன்ஸ்கிரீன் பூசு என்பதெல்லாம் இதில் இருக்காது. அதை உங்கள் அம்மாவே சொல்வார்.

சின்ன போர்டு வாங்குவது

என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். வாடகை போர்டில் நாலு வகுப்பு முடித்திருந்தேன். நுரை அலையில் எழுந்து நிற்க வந்துவிட்டது. அந்த மிதப்பில்தான் மிதக்காத போர்டை வாங்கினேன். நீளம் ஆறடி, அகலம் பதினெட்டே முக்கால் அங்குலம். பழையது, பதினெட்டாயிரம் ரூபாய். "மூணே மாசத்துல இந்த சைஸுக்கு வந்துருவீங்க சார், எதுக்கு ரெண்டு தடவை செலவு?" என்றார் விற்றவர். அந்த ஒரு வாக்கியத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அவர் சொன்னது பொய் என்பதால் மட்டும் இல்லை. நானே அதைக் கேட்க ஆசைப்பட்டுத்தான் போயிருந்தேன்.

போர்டின் அடியில், நடுவில் ஓடும் மரக்கீற்றை ஒட்டிப் பென்சிலில் 27.5 என்று எழுதியிருந்தது. லிட்டராம். பெட்ரோல் டேங்கா என்ன, லிட்டரில் சொல்ல என்று சிரித்துவிட்டுப் பணத்தை எடுத்துக் கொடுத்தேன். நான் பார்த்திருக்க வேண்டிய ஒரே எண் அதுதான்.

ஒரு லிட்டர் கடல்நீரின் எடை ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் கூட. ஆக 27.5 லிட்டர் போர்டை முழுக்கத் தண்ணீருக்குள் அமுக்கினால், சுமார் 28 கிலோ எடையைத் தூக்கும் அளவுக்கு அது மேலே தள்ளும். போர்டின் சொந்த எடை அதில் இரண்டு மூன்று கிலோவைச் சாப்பிட்டுவிடும். மிச்சம் 25 கிலோ. நான் 74 கிலோ. உடம்பு தானாகவே மிதக்கும்தான், ஆனால் தண்ணீருக்குள் இருக்கிற பாகத்துக்குத்தான் அந்தச் சலுகை. தலை, தோள், முதுகு என்று வெளியே தூக்கிய ஒவ்வொன்றின் எடையும் அப்படியே போர்டின் தலையில் வந்து விழும். அதனால் போர்டு என்னோடு சேர்ந்து முங்கும். நெஞ்சளவு நீரில் நானே ஒரு நங்கூரம் மாதிரி கையைத் துழாவிக்கொண்டிருப்பேன்.

இதில் அலை எப்படிக் கிடைக்கும்? ஓடுகிற பஸ்ஸில் ஏறியவர்களுக்குத் தெரியும், பஸ்ஸோடு நாலடி ஓடினால்தான் படிக்கட்டில் கால் வைக்க முடியும். நின்ற இடத்திலிருந்து தாவினால் கம்பி கையை விட்டுப் போய்விடும். அலையும் அப்படித்தான். அதன் வேகத்துக்குப் பக்கத்திலாவது போர்டு நகர்ந்துகொண்டிருந்தால்தான் அது உங்களை ஏற்றிக்கொள்ளும். முங்கிய போர்டு நகராது. அலை உங்களுக்கு அடியில் புகுந்து, உங்களை மேலே தூக்கிக் கீழே விட்டுவிட்டுக் கரைக்குப் போய்விடும். கடைசி நொடியில் எப்படியோ பிடித்தாலும், செங்குத்தான முகத்தில் மூக்கு குத்தித் தலைகுப்புற விழ வேண்டியதுதான்.

போட்டியில் ஆடுகிறவர்கள் தங்கள் உடல் எடையில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டிய லிட்டரில் போர்டு வைத்திருப்பார்கள். புதிதாக வருகிறவருக்கு எடை எத்தனை கிலோவோ அத்தனை லிட்டராவது வேண்டும், கொஞ்சம் கூடவே இருந்தால் நல்லது. இருபத்திரண்டரை அங்குல அகலமுள்ள எட்டடி ஃபோம் போர்டில் ஏறத்தாழ 80 லிட்டர் இருக்கும். அறுபதிலிருந்து எண்பது கிலோ வரை உள்ளவருக்கு அது சரி. எண்பதைத் தாண்டினால் ஒன்பதடி.

இன்னொன்று. நீங்கள் போனில் பார்த்துப் பார்த்து ஆசைப்பட்டது ஹவாயில் பைப்லைன் என்கிற இடத்து அலை. அங்கே ஆழ்கடலில் வந்த அலை திடீரென்று பாறைத்திட்டில் மோதிச் சுவர் மாதிரி நிமிரும். சின்ன போர்டையும் அது தானாகவே இழுத்துக்கொள்ளும். நம் பக்கம் மே முதல் செப்டம்பர் வரை தெற்கிலிருந்து அலை வரும். காலையில் கச்சான் காற்று நிலத்திலிருந்து வீசும்போது அலையின் முகம் கண்ணாடி மாதிரி இருக்கும், மதியம் கடல்காற்று ஏறியதும் கலைந்துவிடும். அந்த நல்ல காலையிலும் புதியவர்கள் நிற்கிற இடத்தில் அலை இடுப்பளவுதான், சாதுவானது. சாதுவான அலைக்குத்தான் பெரிய போர்டு இன்னும் அவசியம்.

ஒரு நாள் எண்ணிப் பார்த்தேன். என் ஆறடி போர்டில் இரண்டு மணி நேரம்: மூன்று அலை பிடித்தேன், ஒன்றில்கூட நிற்கவில்லை. விலா எலும்பு ஓரமெல்லாம் மெழுகில் சிக்கிய மணல் உரசித் தோல் வழன்று, குளிக்கும்போது எரிந்தது. ஏழு மாதம் இப்படியே போனது. கடைசியில் குப்பத்துப் பையன் ஒருவர், எனக்கு முதல் வகுப்பு எடுத்தவர், பொறுக்க முடியாமல் பக்கத்தில் வந்தார். "அண்ணா, கட்டுமரம் எத்தத்தண்டி இருக்கு பாத்தீங்களா? எங்க தாத்தா சும்மாவா அவ்ளோ பெருசா கட்டுனாரு?" என்று கேட்டுவிட்டு, என் போர்டைப் பிடுங்கிக்கொண்டு தன் எட்டடியைத் தள்ளிவிட்டார். அந்தக் காலையில் மட்டும் பதினேழு அலை. எழுந்து நிற்பது கைவரப் பத்து நாள் பிடித்தது. ஏழு மாதத்தில் நான் கற்றுக்கொண்டது துழாவுவது மட்டும், அதுவும் தப்பாக.

அந்த ஆறடி போர்டை அப்புறம் விற்றுவிட்டேன். வாங்கியவரும் புதியவர்தான். "சீக்கிரம் பழகிடும்" என்றேன். அதற்காக எனக்கு என் மேலேயே வருத்தம் உண்டு.

ஃபைபர்தான் அசல், ஃபோம் குழந்தைகளுக்கு என்று நினைப்பது

தாடையில் ஃபோம் பட்டால் வலிக்கும். ஃபைபர் பட்டால் தையல் போடுவார்கள்.

பழைய போர்டைக் கண்ணால் மட்டும் பார்த்து வாங்குவது

இரண்டாம் கை போர்டு வாங்குவதில் தப்பே இல்லை, அதுதான் புத்திசாலித்தனமும். ஆனால் கையால் பாருங்கள். மேல்பக்கம் முழுக்கக் கட்டை விரலால் அமுக்கிக்கொண்டே போங்கள். பழுத்த மாம்பழம் மாதிரி எங்காவது அமுங்கினால், அங்கே மேல்தோல் உள்ளே இருக்கும் ஃபோமை விட்டுப் பிரிந்துவிட்டது. சாய்த்துப் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். குறுக்கே மடிப்பு விழுந்திருந்தால் அது ஒரு முறை முறியப் பார்த்த போர்டு. அடியில் ஃபின், அதாவது மீன் துடுப்பு மாதிரியான தகடு, சொருகும் பெட்டியைச் சுற்றி மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று நகத்தால் தடவுங்கள். ஒரே அளவுள்ள இன்னொரு போர்டையும் தூக்கிப் பாருங்கள். இது மட்டும் கனத்தால் உள்ளே தண்ணீர் குடித்திருக்கிறது.

எதனால் செய்தது என்றும் கேளுங்கள். இ.பி.எஸ். என்று சொன்னால் அரசியல் பேசுகிறார் என்று நினைக்காதீர்கள், நம் ஊர்த் தெர்மாகோலின் உறவுக்காரன்தான் அது. அந்த வகை போர்டில் ஓட்டை விழுந்தால் எபாக்சி ரெசினால் மட்டும்தான் அடைக்க வேண்டும். என் நண்பர் ஒருவர் படகு வேலைக்கு வாங்கி வைத்திருந்த பாலியஸ்டர் ரெசினை ஊற்றினார். ஒரு ரூபாய் நாணய அளவு ஓட்டை, பார்த்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே கரைந்து கரைந்து உள்ளங்கை போகிற பள்ளமாகிவிட்டது. பெட்ரோல் பட்ட தெர்மாகோல் எப்படிச் சுருங்கும், அப்படி.

லீஷ் நீளம்

லீஷ் என்பது போர்டைக் காலோடு கட்டும் கயிறு. போர்டு எத்தனை அடியோ, அதுவும் அத்தனை அடி. பேரம் பேசாதீர்கள்.

போர்டைக் காரில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போவது

ஈ.சி.ஆர். வெயிலில் கண்ணாடி ஏற்றிய காருக்குள் ஒரு மணி நேரம் கிடந்தால் போதும். உள்ளே இருக்கும் காற்று சூடாகி விரிந்து, மேல்தோலை அப்பளம் மாதிரி உப்ப வைத்துவிடும். நிழலில் ஒருவரைக் காவலுக்கு வைத்துவிட்டு இட்லி சாப்பிடப் போங்கள். ஆள் இல்லையா, பார்சல்.

இலங்கையின் அறுகம்குடா போவதற்காகவே வாங்குவது

வேண்டாம். விமானத்தில் பெரிய சாமான் கட்டணம், இறங்கிய பிறகு நீண்ட ரோட்டுப் பயணம். அங்கே தெருவுக்குத் தெரு வாடகைக்குத் தருகிறார்கள், புதியவர்கள் இறங்கும் பேபி பாயிண்டில் பழக அதுவே போதும்.

லிஃப்டை அளக்காமல் வாங்குவது

சிரிக்காதீர்கள். எட்டடி என்றால் கிட்டத்தட்ட 2.44 மீட்டர். எங்கள் குடியிருப்பு லிஃப்டின் உள்ளுயரம் அதைவிடக் குறைவு. குறுக்காகச் சாய்த்து, மூக்கை மேல் மூலையிலும் வாலை எதிர்ப்பக்கக் கீழ் மூலையிலும் கொடுத்தால் நுழைந்துவிடும். ஆனால் உள்ளே என்னோடு இன்னொருவர் நிற்க முடியாது. மூன்றாம் மாடி மாமி ஞாயிற்றுக்கிழமைகளில் நான் இறங்கி முடிக்கும்வரை பால் பையோடு கீழேயே காத்திருப்பார். "அந்தக் கதவைக் கழட்டி எங்கதான் தினம் எடுத்துட்டுப் போற?" என்று ஒரு தரம் கேட்டார். சர்ஃபிங் என்று சொன்னேன். "அதான் எல்லாரும் கம்ப்யூட்டர்ல உக்காந்தே பண்றாளே" என்றார்.