டைனர் ஹாஷ்: கரண்டியைக் கீழே வையுங்கள்

நியூஜெர்சிக்கு வந்த புதிதில், ஞாயிற்றுக்கிழமை காலை டைனருக்கு (இங்கத்திய சாதாரண டிபன் ஓட்டல்) போனால் நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: கார்ன்டு பீஃப் ஹாஷ், மேலே இரண்டு முட்டை. சதுரமாக நறுக்கிய உருளைக்கிழங்கு, உப்புநீரில் ஊறி வெந்த மாட்டிறைச்சி, வெங்காயம். அடிப்பக்கம் முறுகி, உள்ளே மெத்தென்று இருக்கும். மஞ்சள் கருவைக் கீறிவிட்டால் தொட்டுக்கொள்ள வேறெதுவும் வேண்டாம்.

வீட்டில் இது கைவர எனக்கு நாலு ஞாயிறு ஆனது. மூன்றாவது முறை செய்ததை வீடியோ காலில் அம்மாவிடம் காட்டினேன். "மசால் தோசைக்குள்ள வைக்கிற கிழங்குதானே? மஞ்சப்பொடி போட மறந்துட்டியாடி?" என்று கேட்டார். தப்பாகச் சொல்லவில்லை. நான் செய்துவைத்திருந்தது அதுதான்.

அடுத்த வாரம் டைனரில் மேசையில் உட்காராமல், சமையல்காரரின் கை தெரிகிற மாதிரி கவுன்டரில் உட்கார்ந்தேன். அவர் ஒரு டப்பாவிலிருந்து கிழங்கை எடுத்துக் கல்லில் கொட்டி, பரப்பி, முதுகைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். ஆறு முட்டை உடைத்தார், ரொட்டி வாட்டினார், யாருக்கோ காப்பி ஊற்றினார். கிழங்கு பக்கமே வரவில்லை. கருகிவிடுமோ என்று எனக்குத்தான் கை பரபரத்தது. கடைசியில் கேட்டேவிட்டேன். கிழங்கு நேற்றே வேகவைத்துக் குளிரவைத்தது என்றார். முந்தின நாளே வேகவைக்க வேண்டும், சட்டியில் போட்டபின் கை வைக்கக் கூடாது. நான் விட்ட இரண்டும் அங்கேயே புரிந்தது.

வேண்டியவை (இருவருக்கு)

உருளைக்கிழங்கு அரை கிலோ, கார்ன்டு பீஃப் கால் கிலோ, நடுத்தர வெங்காயம் ஒன்று, பச்சைக் குடமிளகாய் பாதி, எண்ணெய் 3 மேசைக்கரண்டி, வெண்ணெய் ஒரு மேசைக்கரண்டி, வினிகர் ஒரு மேசைக்கரண்டி, மிளகுத்தூள், முட்டை நாலு.

யூகோன் கோல்டு கிழங்குதான் என் தேர்வு. ரசெட் வகையில் மாவுச்சத்து அதிகம். நன்றாக முறுகும், ஆனால் வேகவைக்கும்போது கொஞ்சம் அசந்தால் உதிர்ந்துவிடும். முதல் தடவைக்கு யூகோன் கோல்டே பத்திரம்.

டெலி கவுன்டரில் (கடையில் வெந்த இறைச்சியை வெட்டித் தரும் இடம்) கார்ன்டு பீஃப் கேட்டால், சொல்லாமலே தாள் மாதிரி சீவித் தருவார்கள். அது சாண்ட்விச்சுக்கு. ஒரே துண்டாக, முக்கால் அங்குலத் தடிமனில் வெட்டித் தரச் சொல்லுங்கள். பெயரில் இருக்கும் 'கார்ன்' சோளம் இல்லை, கல் உப்பு. பழைய ஆங்கிலத்தில் உப்புப் பரலுக்கும் அதே சொல்தான். இறைச்சியிலேயே அவ்வளவு உப்பு இருக்கிறது என்று தெரிந்தும், இரண்டாவது ஞாயிறு பழக்கதோஷத்தில் மேலே ஒரு சிட்டிகை தூவி மொத்தத்தையும் கெடுத்தேன்.

சட்டியும் திருப்பியும்

12 அங்குல வார்ப்பிரும்புச் சட்டி வாங்கிவிடுங்கள். டைனர் கல்லின் கனமும் சூடும் வீட்டில் இதில்தான் வரும். ஒட்டாத பூச்சுப் பாத்திரத்தில் கிழங்கு வெளுத்துப்போய் வருகிறது; இரண்டு ஞாயிறு அதில்தான் போனது. என்னிடம் இருப்பது லாட்ஜ் கம்பெனிச் சட்டி. பஸ் ஸ்டாண்டு எதிரில் ரூம் போடும் லாட்ஜ் இல்லை. டென்னசி மாநிலத்தில் 1896 முதல் இரும்புச் சட்டி வார்க்கும் கம்பெனி. விலையும் அதிகமில்லை.

திருப்ப, மெல்லிய விளிம்புள்ள இரும்புத் தோசைத் திருப்பி. இங்கே கடையில் விற்கும் சிலிக்கோன் கரண்டிகள் முறுகலுக்கு அடியில் நுழையாமல் மேலாக வழித்துவிடும். ஊரிலிருந்து பெட்டியில் போட்டுக் கொண்டுவந்த திருப்பிக்கு இணையாக நான் இன்னும் ஒன்றும் பார்க்கவில்லை.

கிழங்கு: முந்தின நாள் வேலை

தோல் சீவி, அரை அங்குலச் சதுரமாக நறுக்குங்கள். பச்சைத் தண்ணீரில் போட்டே அடுப்பேற்ற வேண்டும். கொதிக்கிற நீரில் போட்டால் வெளியே குழைந்து உள்ளே நறுக்கென்று நிற்கும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி உப்பு, ஒரு மேசைக்கரண்டி வினிகர். வினிகர் ருசிக்கு இல்லை. கிழங்கின் செல்களை ஒட்டிப் பிடித்திருக்கும் பெக்டின் கரைவதைப் புளிப்பு தாமதப்படுத்தும், அதனால் ஓரம் உடையாமல் நிற்கும். புளி விட்ட குழம்பில் கிழங்கு வேக அடம்பிடிக்குமே, அதே சங்கதிதான்.

கொதி வந்து ஐந்து நிமிடத்தில் ஒரு துண்டை எடுத்துக் கத்தியால் குத்துங்கள். கத்தி இறங்க வேண்டும், துண்டு பிளக்கக் கூடாது. குக்கர் வேண்டவே வேண்டாம்.

வடித்ததும் அகலமான தட்டில் ஒரே அடுக்காகப் பரப்பி ஆவி போக விடுங்கள். பத்து நிமிடத்தில் மேலே வெள்ளையாக மாவு பூத்த மாதிரி காய்ந்திருக்கும். ஆறியபின் மூடாமல் ஃபிரிட்ஜில் வைத்தால் காலைக்குள் இன்னும் உலர்ந்துவிடும். ஈரம் இருக்கும்வரை கிழங்கு வறுபடாது. சட்டியின் சூடெல்லாம் தண்ணீரை ஆவியாக்குவதிலேயே செலவாகும், துண்டின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. செந்நிறம் பிடிக்க 140 டிகிரிக்கு மேலே வேண்டும்.

சட்டியில்

சட்டியை மிதமான தீயில் நாலைந்து நிமிடம் காயவிட்டு எண்ணெய் ஊற்றுங்கள். ஒரு துண்டைப் போட்டுப் பாருங்கள். சத்தம் வராவிட்டால் பொறுங்கள். சுர்ரென்றால் எல்லாவற்றையும் போட்டு ஒரே அடுக்காகப் பரப்புங்கள். ஒன்றின்மேல் ஒன்று ஏறினால் இரண்டு தவணையாகச் செய்யுங்கள்.

இனி கரண்டியைக் கீழே வையுங்கள். ஏழு நிமிடம் தொடக்கூடாது.

நான் விழுந்த குழி இதுதான். பொரியல் கிண்டிப் பழகிய கை சும்மா இருக்காது. அடிப்பிடிக்கிறதோ என்று ஒரு பிரட்டு, முப்பது வினாடியில் இன்னொரு பிரட்டு. ஒவ்வொரு பிரட்டிலும் பிடிக்க ஆரம்பித்த முறுகல் உரிந்து சட்டியோடு போகிறது, ஓரம் மசிகிறது, மசிந்த மாவு மற்றதையும் பூசிவிடுகிறது. அம்மா சொன்ன மசால் கிழங்கு அப்படித்தான் உருவானது. இப்போது போனில் ஏழு நிமிடம் வைத்துவிட்டு, ஃபில்டர் காப்பி போடப் போய்விடுவேன்.

எப்போது திருப்புவது என்று கிழங்கே சொல்லும். திருப்பியை ஓரத்தில் நுழைத்துப் பாருங்கள். ஒட்டிக்கொண்டு வர மறுத்தால் இன்னும் ஒரு நிமிடம். முறுகிவிட்டால் தானாக விடும். அடிப்பக்கம் நெய்யில் வறுத்த முந்திரி நிறத்தில் இருந்தால் பகுதி பகுதியாகத் திருப்பிப் போட்டு, மறுபடி நாலைந்து நிமிடம் விட்டுவிடுங்கள். பிறகு தட்டில் எடுத்துவையுங்கள்.

அதே சட்டியில் வெண்ணெய், பொடியாக நறுக்கிய வெங்காயம், குடமிளகாய். இவற்றை முதலிலேயே போட்டால் கிழங்கு முறுகுவதற்குள் வெங்காயம் கருகும், குடமிளகாய் தண்ணீர் விடும். நாலு நிமிடத்தில் வதங்கியதும், அரை அங்குலமாக நறுக்கிய இறைச்சியைப் போட்டு, கொழுப்பு உருகி ஓரம் சிவக்க விடுங்கள். இப்போது கிழங்கைச் சேர்த்து, மிளகு தூவி, ஒரே ஒரு தடவை புரட்டி, திருப்பியால் அழுத்தி இன்னும் மூன்று நிமிடம். உப்பு பார்க்காமல் போடாதீர்கள்.

முட்டையைத் தனியாகப் பொரித்து மேலே வைப்பதுதான் எனக்குச் சரி. ஹாஷில் குழி பண்ணி, அதிலேயே உடைத்து ஊற்றி மூடி போடுவது படத்துக்கு அழகாக இருக்கும். ஆனால் மூடிக்கு அடியில் தேங்கும் ஆவி, பாடுபட்டுக் கொண்டுவந்த முறுகலை மூன்று நிமிடத்தில் நமத்துப்போகச் செய்துவிடும்.

இது பணக்காரச் சாப்பாடு ஒன்றும் இல்லை. 'ஹாஷ்' என்பதே நறுக்குவதற்கான பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் மலிவான சாப்பாட்டுக் கடைக்கு 'ஹாஷ் ஹவுஸ்' என்றே பெயர். மீந்த இறைச்சி, மீந்த கிழங்கு, அவ்வளவுதான். அமெரிக்காவின் வடகிழக்கில் நியூ இங்கிலாந்துப் பக்கம் மீந்த பீட்ரூட்டையும் நறுக்கிப் போட்டு 'ரெட் ஃபிளானல் ஹாஷ்' என்பார்கள். எனக்கு அந்தத் தித்திப்பு ஒத்துவரவில்லை.

பின்சேர்க்கை 1: டின்னில் வரும் ஹாஷை அப்படியே கொட்டினால் கூழாகிறது என்று இருவர் எழுதியிருந்தீர்கள். டின்னை இரவே ஃபிரிட்ஜில் வையுங்கள். காலையில் இரண்டு பக்கமும் திறந்து உருளையாகத் தள்ளி, அரை அங்குல வில்லைகளாக வெட்டி, கட்லெட் மாதிரி வாட்டுங்கள். ஒரே தடவைதான் திருப்ப வேண்டும்.

பின்சேர்க்கை 2: மாட்டிறைச்சி வேண்டாம் என்பவர்கள் சிக்கன் சாசேஜ் போடலாம். காளான் என்றால் தனிச் சட்டியில் தண்ணீர் முழுக்கச் சுண்டும்வரை வதக்கிவிட்டுச் சேருங்கள். காளானை நேராகக் கிழங்கோடு போட்டுவிட்டு "முறுகவே இல்லை" என்று என்னைத் திட்டியவருக்கும் இதுவே பதில்.

பின்சேர்க்கை 3: இண்டக்‌ஷன் அடுப்பிலும் வார்ப்பிரும்பு வேலை செய்யும். எடுத்தவுடன் சூட்டைக் கூட்டாதீர்கள். நடுவில் மட்டும் பழுத்து, ஓரம் பச்சையாகவே கிடக்கும். குறைந்த சூட்டில் ஆரம்பித்துப் பத்து நிமிடம் கொடுங்கள். மீந்ததைச் சூடாக்கவும் சட்டிதான். மைக்ரோவேவில் வைத்தால் மறுபடி மசால் கிழங்கு, தோசை ஊற்ற வேண்டியதுதான்.